மஞ்சள் பூசிய டிரம் செட்

அறுபது தாண்டிய ஒரு கணக்கு டீச்சர் டிரம் செட் வாங்கினால் கொழும்பு வெள்ளவத்தையில் அதற்கு இரண்டே விளக்கம்தான் சொல்வார்கள். ஒன்று, மகனுக்கு வாங்குகிறாள். எனக்கு மகன் இல்லை, கலியாணமே இல்லை. மற்றது, மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது. அதை முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். மண்டைக்குள் ஒரு சின்ன இரத்தக்குழாய் அடைபட்டு, அன்றிலிருந்து என் இடது கை என் சொல்லைக் கேட்பதை நிறுத்தியிருந்தது.

பாரிசவாதம் என்று சொன்னதும் ஆட்கள் முதலில் என் வாயைத்தான் பார்த்தார்கள். வாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை அக்கா வந்துபோனவர்களுக்கெல்லாம் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தாள். கால் கொஞ்ச நாள் இழுத்துவிட்டுச் சரியாகிவிட்டது. கைதான் ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

ஒரு கையால் சாப்பிடலாம், எழுதலாம், பிள்ளைகளை ஏசலாம். சேலை மட்டும் உடுக்க முடியாது. கொசுவம் வைக்க இரண்டு கையும் வேண்டும். ஹவுஸ்கோட்டோடு கடைத்தெருவான காலி வீதிக்கு இறங்குகிற ஆள் நான் இல்லை. அதனால் தினமும் காலையில் அக்காதான் உடுத்திவிட்டாள். அத்தான் போனபிறகு என்னோடு வந்து இருக்கிறாள், ஒரே மகள் டொரொன்டோவில். ஊசிகளை வரிசையாக உதட்டில் கவ்விக்கொண்டு, கனடாவுக்கு மிளகாய்த்தூள் பார்சல் கட்டுகிற அதே கையால் என்னையும் இழுத்துக் கட்டுவாள். வாயில் ஊசி இருக்கிற அந்த நேரம் மட்டும்தான் அவள் நாள் முழுவதிலும் கதைக்காமல் இருக்கிற நேரம். ஊசி தீர்ந்ததும் தொடங்கிவிடும். மூச்சுவிட முடியவில்லை என்று நான் சொன்னால், மூச்சில்லாமலா இவ்வளவு கதைக்கிறாய் என்பாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்து நானே உடுத்த சேலை. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், என் சேலையை நானே உடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபிசியோதெரபி செய்கிற பிள்ளை ஒரு றப்பர் பந்தைத் தந்து, முதல் வருஷத்தில் திரும்பி வருகிற பலம்தான் பெரும்பாலும் வரும், பிறகு கஷ்டம் என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து கலண்டர் பக்கம் பார்க்கவே எனக்குப் பயம்.

பந்தை அமத்துகிறது போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. அமத்தினால் அமரும், விட்டால் எழும்பும், அதற்கு மேல் அதில் ஒரு விஷயமும் கிடையாது. நான் செய்கிறதில்லை என்று அக்கா போட்டுக்கொடுத்துவிட்டாள். பந்து பிடிக்காவிட்டால் இரண்டு கையாலும் மாறி மாறி எதையாவது தட்டச் சொன்னாள் அந்தப் பிள்ளை. டிரம்ஸ் அடிக்கிற மாதிரி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது.

முதலில் இடியப்பப் பானையில் தட்டினேன். அக்கா பானையை எடுத்து ஒளித்தாள். பால்சட்டிக்கு மாறினேன். அதுவும் போய்விட்டது. குசினியில் தட்டக்கூடிய பாத்திரம் ஒன்றும் மிஞ்சாத நிலைமையில்தான், கொட்டாஞ்சேனையில் பழைய டிரம் செட் ஒன்று விற்பனைக்கு என்று போனில் கண்டேன்.

அக்கா என்னைத் தனியாக விடமாட்டாள், டிரம் செட் வாங்கவும் விடமாட்டாள். என்ன செய்வது, திட்டிக்கொண்டே கூட வந்தாள். முச்சக்கர வண்டி வெள்ளவத்தையில் வெளிக்கிட்டதிலிருந்து கொட்டாஞ்சேனை போகும்வரை வாய் ஓயவில்லை.

விற்கிற வீட்டில் ஒரு அன்டி கவுன் போட்டுக்கொண்டு எங்களை வரவேற்றா. புருஷன் கலியாண வீடுகளில் வாசிக்கிற பாண்ட் வைத்திருந்தவராம். அவரும் போய், மகன்மாரும் இத்தாலிக்குப் போய், டிரம் செட் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. நின்றது என்றாலும் சும்மா நிற்கவில்லை. காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்குள் நத்தார் குடில் முழுவதும் இருந்தது, வைக்கோலோடு, மாதாவோடு, ஆட்டுக்குட்டிகளோடு. சிம்பல் தட்டு ஒன்று தண்ணீர்ப் பீப்பாவுக்கு மூடி. மூன்று காலில் நிற்கிற டிரம்மில் மெத்தை போட்டு, அதில் இருந்துதான் அன்டி நாடகம் பார்க்கிறவ. குழந்தை யேசுவை வெளியே எடுத்தபோது அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“யாருக்கு, மகனுக்கா?” என்று அன்டி கேட்டா.

எனக்குத்தான் என்றேன். அன்டி என் சேலையைப் பார்த்தா, தொங்குகிற கையைப் பார்த்தா, பிறகு அக்காவைப் பார்த்தா. அக்கா சுவரில் இருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் பேசி முடிந்தபிறகும் அந்த மூன்று கால் டிரம்மை மட்டும் அன்டி விடமாட்டேன் என்றா, உட்கார வேறு இல்லையாம். நான் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்து கொடுத்தபிறகுதான் எழும்பினா.

செட்டைக் கொண்டுவந்து எங்கள் ஃபிளட்டின் பல்கனியில் வைத்தபோதுதான் அதன் கோலம் முழுதாகத் தெரிந்தது. சிவப்பு மினுக்கல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது, அது அப்பளம் மாதிரிப் பொங்கி நின்றது. ஆணிகள் துரு. தோல்கள் கிழிசல். இதைத் திருத்த வேறு ஆள் பிடிக்க நான் விரும்பவில்லை. திருத்துகிறதே கைக்கு நல்ல வேலை என்று ஃபிசியோ பிள்ளையும் சொன்னாள், இம்முறை பகிடி இல்லாமல். டொரொன்டோ மகள் விட்டுப்போன தலைமயிர் காயவைக்கிற மெஷினால் சூடு காட்டிப் பிளாஸ்டிக்கை உரித்தேன். மெஷினைப் பிடிக்க ஒரு கை, உரிக்க ஒரு கை. உரிக்கிற கை என்னிடம் இருந்தது. பிடிக்கிற கை அக்காவுடையது. ஊர் சிரிக்கப் போகுது என்று சொல்லிக்கொண்டே பிடித்தாள்.

ஹாட்வெயார் கடையில் சாண்ட் பேப்பர் கேட்டபோது கடைக்காரன் என்ன வேலைக்கு என்று விசாரித்தான். சொன்னேன். “புத்தாட்டத?” என்றான் சிங்களத்தில். இவனும் மகனுக்கா என்கிறான். “மட்டமய்,” எனக்கேதான் என்றேன். அதற்குப் பிறகு அவன் சில்லறையை இரண்டு தரம் எண்ணித் தந்தான்.

அழுக்கு இருக்கிற இடத்தில் அக்காவால் சும்மா இருக்க முடியாது. சிம்பல்கள் பச்சை பிடித்துக் கறுத்துப்போய்க் கிடப்பதை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வர, குசினி நிலத்தில் குந்தியிருந்து குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் திருநீறு போட்டுத் துடைத்தாள். தட்டுகள் தங்கமாக வந்தன, செய்த கொம்பனியின் பெயர் இருந்த இடமே தெரியவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரிய சிம்பலில் ஒரு சந்தனப் பொட்டும் இருந்தது.

மரத்தைத் தேய்த்து முடித்ததும் வெள்ளை நிறம் அடித்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பல்கனியில் நடக்கிற காரியம் இல்லை, கடற்காற்று தூசியை அள்ளிக்கொண்டுவந்து ஒட்டிவிடும். கொட்டாஞ்சேனை அன்டியின் தங்கச்சி புருஷன் பொலிஷ் வேலை செய்கிறவர். அவருடைய வேலையிடம் ஒரு மலர்ச்சாலையின் பின்பக்கம். சவப்பெட்டிக்குத்தான் பொலிஷ் அடிக்கிறவர். தன்னைப் போல வெள்ளை அடிக்க இந்தக் கொழும்பில் ஆள் இல்லை என்றார். ஓரத்தில் தங்கக் கரை வைக்கவா, உள்ளுக்குப் பட்டுத்துணி அடிக்கவா என்றும் கேட்டார். ரெண்டும் வேண்டாம் என்றேன். அக்காவிடம் மேசை, அலுமாரி என்று தளபாட வேலை செய்கிற இடம் என்று சொல்லியிருந்தேன். பெட்டியும் ஒரு தளபாடம்தானே, எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படுகிற தளபாடம்.

அவர் என்னைக் கேட்காமல் செய்த ஒரு உபகாரத்தில்தான் எல்லாம் கெட்டது. தங்கள் வாகனம் வெள்ளவத்தைப் பக்கம் வருகிறதாம், வீண் செலவு எதற்கு என்று அதிலேயே ஏற்றிவிட்டார்.

பின்னேரம், ஒழுங்கை நிறைய ஆட்கள் இருக்கிற நேரம். கண்ணாடி வைத்த கறுப்பு வாகனம் மெதுவாக உள்ளே வந்து எங்கள் ஃபிளட் வாசலில் நின்றது. பெரிய டிரம்மை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள், தூசி படாமல் இருக்க. கறுப்புக் கோட் போட்ட இரண்டு பேர் இறங்கி, பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டு அதை மெல்ல மெல்ல இறக்கினார்கள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். முச்சக்கர வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். மூலைக் கடையில் ஷட்டர் பாதிக்கு இறங்கியது. பாரிசவாதம் வந்த டீச்சர், வேறென்ன யோசிப்பார்கள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஹோர்ன் சத்தம் கேட்டுக் கேட் திறக்க இறங்கினேன். படியில் கீழ்வீட்டு முஸ்லிம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டா.

“டீச்சர், நீங்க மௌத்தெண்டு கீழ சொல்றாங்களே!”

“எந்த டீச்சர் செத்தது?” என்றேன்.

பாவம், அவவுக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டது. அவவைப் படியில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் வாசலுக்குப் போனேன். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷத்தை விட ஏமாற்றம்தான் கூட இருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள். நான் கை காட்ட, கோட்காரர்கள் அதே நடையில் டிரம்முகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனார்கள்.

பல்கனியில் நின்று அக்கா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள், வாகனத்தில் எழுதியிருந்ததையும் வாசித்திருந்தாள். கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயப்பட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ச் சாமி அறைக் கதவைச் சாத்தினாள்.

செத்தவீட்டுத் துடக்கு என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால்வைக்கக் கூடாது. டிரம் செட் செத்தவீட்டு வாகனத்தில் வந்து, முழுகாமல் நேராக ஹோலுக்குள் ஏறிவிட்டது. அதற்குத் தானாக முழுகத் தெரியாது. ஆகவே மறுநாள் காலையில், நான் நித்திரையால் எழும்பமுதல், அக்கா முழுக வார்த்துவிட்டாள். வாளியில் மஞ்சளைக் கரைத்து, மாவிலையால் தெளித்தால் போதும் என்று விடாமல், செம்பால் அள்ளி அள்ளி ஊற்றியிருந்தாள்.

தண்ணீர் படவே விட வேண்டாம், பொலிஷ் இறுக ஒரு கிழமை எடுக்கும் என்று பொலிஷ்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளை டிரம்முகளில் மேலிருந்து கீழே மஞ்சள் கோடுகோடாக இறங்கியிருந்தது, குழந்தைப்பிள்ளையின் துணி மாதிரி. சவர்க்காரம் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன். கோடு போகவில்லை, பொலிஷ்தான் பிசுபிசுத்துக் கையோடு வந்தது.

கோதாரி என்று தொடங்கி எனக்குத் தெரிந்த அத்தனை ஏச்சையும் ஏசினேன். என்ரை கை வரப்போறது உனக்குப் பிடிக்கேல்லை என்றும் சொன்னேன். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் கதைக்கவில்லை.

கதைக்காமல் ஒரே ஃபிளட்டில் எப்படிச் சீவிப்பது? டொரொன்டோ வழியாகத்தான். அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் சொல்வாள், மகள் எனக்கு அனுப்புவாள். சித்தி, புட்டு ஆறுதாம். சித்தி, மருந்து குடிச்சாச்சோ எண்டு அம்மா கேக்கிறா. நான் பதில் அனுப்ப, அது கனடா போய்த் திரும்பிக் குசினிக்கு வரும். கடைசியில் அந்தப் பிள்ளை, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருக்கு, எனக்கு வேலைக்குப் போக வேணும் என்று எழுதிவிட்டாள். காலையில் எனக்குச் சேலை உடுத்திவிடுகிற வேலை மட்டும் நிற்கவில்லை. ஊசிகளைக் கவ்விக்கொண்டு வருவாள், முன்பைவிட இறுக்கிக் கட்டிவிட்டுப் போவாள்.

பொலிஷ்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் திருப்பி அடித்துத் தர மாட்டேன் என்றுவிட்டார். “என்ட வேலய பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கொம்ப்ளேன் பண்ணினதில்ல,” என்றார். யார் பண்ணுவது?

ஆகவே முதலிலிருந்து தொடங்கினேன். அந்த வெள்ளை முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். இம்முறை மெஷின் பிடிக்க அக்கா இல்லை, டிரம்மைப் பிடிக்கவும் இல்லை. ஒரு கையால் தேய்த்தால் டிரம் உருண்டு ஓடிவிடும். முழங்காலால் அமத்திப் பிடித்து, இடது உள்ளங்கையைச் சாண்ட் பேப்பரில் வைத்து, அதற்கு மேல் வலது கையை வைத்துத் தள்ளினேன். ஒவ்வொரு தள்ளுக்கும் அக்காவை ஒரு சொல் ஏசினேன். நாள் போகப்போக, மேலே இருந்த வலது கையை எடுத்தபிறகும் கீழே இருந்தது கொஞ்சத் தூரம் தானாகவே போகத் தொடங்கியது. ஃபிசியோ பிள்ளை என் பிடியைச் சோதித்துவிட்டு, பந்தை ஒழுங்காக அமத்துறீங்கள் போல இருக்கு டீச்சர் என்று சந்தோஷப்பட்டாள். பந்து எங்கே கிடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அக்காவோடு கோபம் என்று சொன்னேன். அதையே தொடரச் சொன்னாள்.

வெள்ளை போய்விட்டது. ஆனால் பொலிஷ் இளகிய இடங்களில் மஞ்சள் மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் அலுத்துப்போய்ப் பேப்பரை எறிந்துவிட்டுப் படுத்துவிட்டேன். எழும்பி வர, அக்கா பல்கனியில் கால் நீட்டியிருந்து, ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சளைத் துணியால் தொட்டு மரம் முழுவதும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலும் கீழும் ஒரே சீராக, ஒரு திட்டு மிச்சம் விடாமல்.

“பூசினால் முழுக்கப் பூச வேணும். அண்டைக்கு அரைகுறையாய்ப் போச்சு,” என்றாள்.

மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவள் குரலில் ஒன்றும் இல்லை. எனக்கும் அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. மற்றத் துணியை எடுத்து நானும் பக்கத்தில் இருந்தேன். காய்ந்ததும் மேலே வார்னிஷ் அடித்தோம். புறக்கோட்டையில் புதுத்தோல் வாங்கிப் பூட்டினோம். ஹோலின் நடுவில் டிரம் செட், வயதுக்கு வந்து மஞ்சள் பூசிய சாமத்தியவீட்டுப் பிள்ளை மாதிரி நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

சத்தத்துக்கு யாரும் சண்டைக்கு வரமுதல் நானே கீழ்வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பொழுதுபட மக்ரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் அடியுங்கள் என்றா அந்த அம்மா. “சத்தம் கேட்டா நீங்க இரிக்கிறீங்க எண்டு விளங்கும்,” என்றும் சொன்னா.

வலது, இடது, வலது, இடது. வலது கை சொன்ன உடனே விழும். இடது கை, டியூஷனுக்குப் பிந்தி வருகிற பெடியன் மாதிரி, மற்றவர்கள் பாதிக் கணக்குச் செய்தபிறகு வந்து சேரும். சில நாள் வராமலே விடும். அப்போது வலது கையே இரண்டு பேருடைய வேலையையும் பார்த்தது. எனக்கு இதில் இன்னொரு எரிச்சலும் இருந்தது. அந்த நேரம் அக்கா இரவுச் சம்பலுக்குத் தேங்காய் திருவுகிற நேரம். நான் அடிக்கத் தொடங்கியதும் திருவுகிற சத்தம் நின்றுவிடும். நான் நிறுத்தினால் திரும்பத் தொடங்கும். வாயால் சொல்லாமல் இப்படிக் காட்டுகிறாள், தலையிடிக்கிறது என்று நாளைக்கு டொரொன்டோவுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக அடிப்பேன்.

ஒருநாள் காலை, அக்கா வரமுதல் நானே கொசுவம் வைத்துப் பார்த்தேன். ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. ஒரு அடி எடுத்துவைக்க அவ்வளவும் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. ஃபிசியோ பிள்ளை சொன்ன அந்த முதல் வருஷம் முடிகிறதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அக்கா வாயில் ஊசியோடு வந்து, நிலத்தில் கிடந்ததைப் பொறுக்கி, ஒன்றும் நடக்காத மாதிரி உடுத்திவிட்டாள். அவள் போனபிறகு அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான் என்றாலும் வாய்விட்டுத்தான் அழுதேன்.

அன்று பின்னேரம் இடது கையை மடியில் போட்டுவிட்டு வலது கையால் மட்டும் அடி அடியென்று அடித்தேன். குசினியில் தேங்காய்ச் சத்தம் நின்றது. நிற்கட்டும் என்று அடித்தேன்.

“இடக்கை கேக்கேல்லை,” என்றாள் அக்கா குசினிக்குள் இருந்து.

நான் நிறுத்தினேன்.

“நேற்றும் நடுவிலை விட்டனீ. ஒரு கையாலை அடிச்சுப்போட்டு ரெண்டு கையெண்டு காட்டினால் எனக்குத் தெரியாதோ? திருப்பி அடி.”

இத்தனை நாளும் அவள் திருவலையை நிறுத்தினது அதைக் கேட்கிறதற்குத்தான். இடது கையைத் தூக்கினேன். தடி நழுவப் பார்த்தது, இறுக்கிப் பிடித்தேன். டொக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வலது, பிறகு திரும்ப இடது. “ஓம், கேக்குது,” என்றாள் அக்கா. தேங்காய் மட்டும் திருவுப்படவில்லை. அன்றைக்குக் கீழே மக்ரிப் பாங்கு கேட்கும்வரை அடித்தேன், சம்பல் இல்லாமல்தான் இடியப்பம் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் கொசுவம் அவிழ்ந்தது. ஃபிசியோ பிள்ளை சொன்ன வருஷமும் தாண்டிவிட்டது. பிறகு ஒரு காலை, அக்கா வழக்கம்போல உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு அறைக்குள் வந்தபோது நான் உடுத்து முடித்து நின்றேன். கொசுவம் அழகாக இல்லை, ஆனால் நின்றது. அறைக்குள் ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து காட்டினேன். அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.